சுவரில் மாட்டிய அயர்லாந்து

சாப்பாட்டுக் கடையை மதிப்பிடுவதற்கும் நாவலை மதிப்பிடுவதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உள்ளே இருக்கும் சாமான்களை யாராவது உபயோகிக்கிறார்களா? சிகாகோ நகரில், 'ஐரிஷ் பப்' என்று பலகை மாட்டிய ஓர் உணவு விடுதியில் ஓர் இரவு சாப்பிட்டதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

'பப்' என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் குறுக்கம். பொது வீடு என்று சொல்லலாம். பெயர்தான் மதுக்கடை; அயர்லாந்துக் கிராமங்களில் அது வெகு காலம் மளிகைக் கடையாகவும் இருந்தது. முன்புறம் தேயிலை, சர்க்கரை, மாவு, பின்புறம் பீர். சில ஊர்களில் சவ அடக்கத்துக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்பவரும் அதே கடைக்காரர்தான். ஆகவே அங்கே அலமாரியில் ஒரு தேயிலை டின் இருந்தால், அதை வாங்க யாரோ வருகிறார்கள் என்று அர்த்தம்.

இந்தப் பொது வீட்டை ஏற்றுமதிச் சரக்காக்கியது பிற்காலத்து விஷயம். டப்ளினில் 1990-ல் இதற்கென்றே ஒரு கம்பெனி ஏற்பட்டது. பீர் காய்ச்சும் கின்னஸ் நிறுவனத்தின் ஆதரவும் அதற்குக் கிடைத்தது. கிராமத்துக் குடிசை மாதிரி, விக்டோரியா காலத்து மாதிரி, பழைய கடை மாதிரி என்று ரகம் ரகமாகத் திட்டம் போட்டு, மரச் சாமான்களை அயர்லாந்திலேயே செய்து கப்பலேற்றினார்கள். அதைப் பார்த்து உலகெங்கும் பலர் தாங்களாகவே அந்த மோஸ்தரில் கடை வைத்தார்கள். இதில் தப்பு ஒன்றுமில்லை. வீட்டை விட்டு வந்தவனுக்கு வீட்டின் ஞாபகம் விலைக்குக் கிடைத்தால் வாங்கத்தான் செய்வான். ஆனால் விற்பது எது என்பதில்தான் சங்கடம்.

நாங்கள் போன கடை கண்ணுக்கு நிறைவாகவே இருந்தது. கறுத்த மரம், பித்தளைக் குமிழ்கள், கூரையிலிருந்து தொங்கும் ஒரு பழைய சைக்கிள். "உள்ளே நுழைந்தால் டப்ளின்தான், சார்" என்றார் அழைத்துப் போன நண்பர். எங்கள் மேஜையை ஒட்டி ஒரு புத்தக அலமாரி. புத்தகத்தைக் கண்டால் கை சும்மா இருக்காதே! ஒன்றை எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. நாலைந்து புத்தகங்களைச் சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். தேயிலை டின்களும் அப்படியே. அலமாரிக்கு மேலே ஜேம்ஸ் ஜாய்ஸின் படம். தாம் எழுதிய ஊரில் புத்தகங்களுக்கு நேர்ந்த கதியை அவர் மூக்குக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

'ஐரிஷ் ஸ்டூ' கொண்டுவரச் சொன்னோம். ஏழை வீட்டுப் பண்டம் அது. ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், உப்பு, தண்ணீர். இவற்றோடு நிதானமான நெருப்பு. கிழங்கில் கொஞ்சம் கரைந்து குழம்பைக் கெட்டியாக்க வேண்டும். மீதி முழுசாக நிற்க வேண்டும். விலையுயர்ந்த சாமான் எதுவும் அதில் கிடையாது. நேரம் ஒன்றுதான் செலவு. அந்த ஒரு செலவைத்தான் கடைக்காரர் மிச்சம் பிடித்திருந்தார். மாவைக் கரைத்து ஊற்றிய பழுப்புக் குழம்பு, சவுக்கென்று இழுக்கும் கறி, நடுவில் வேகாமல் நறுக்கென்ற கிழங்கு. விலை 24 டாலர்.

பரிமாறிய பையன் கல்லூரி மாணவன், நல்ல பிள்ளை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, "மாற்றிக் கொண்டுவரட்டுமா?" என்றான். மாற்றியும் வந்தது, ஓரத்தில் கொதித்தது, நடுவில் ஜில்லென்றிருந்தது. அவனைக் குறை சொல்லி என்ன பயன்?

எதிர்ச் சுவரில் ஒரு பழைய சித்திரம்: துறைமுகத்தில் மூட்டை முடிச்சுகளுடன் கப்பலுக்குக் காத்திருக்கும் ஜனங்கள். 1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. கிழங்கு ஒன்றையே நம்பியிருந்த ஏழைகள் தொடர்ந்து வந்த வருஷங்களில் பட்டினியாலும் காய்ச்சலாலும் மடிந்தார்கள். ஏறக்குறைய 10 லட்சம் பேர். இன்னும் 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். அவர்கள் படத்துக்குக் கீழே உட்கார்ந்து வேகாத உருளைக்கிழங்கைத் தட்டில் ஒதுக்கி வைப்பது எனக்கு என்னவோ போலிருந்தது. பசியைப் படமாக மாட்டத் தெரிந்தவர்களுக்குக் கிழங்கை வேகவைக்கத் தோன்றவில்லை.

"அமெரிக்காவில் அசல் எங்கே கிடைக்கும், சார்?" என்று நண்பர் சமாதானம் சொன்னார். இந்த வாதத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. உப்புக்கண்டமாக்கிய மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் ஐரிஷ் பண்டம் என்று அமெரிக்காவில் பெயர் வாங்கியிருக்கிறது. சொந்த ஊரில் அவர்கள் முட்டைக்கோசுடன் சேர்த்தது பன்றி இறைச்சி. வந்த இடத்தில் மலிவாகக் கிடைத்ததைக் கொண்டு பழைய ருசியைப் பிடிக்கப் பார்த்தார்கள். அசல் இல்லைதான், ஆனாலும் சத்தியமான சாப்பாடு. அதைச் சமைத்தவர்களுக்கு அது வேண்டியிருந்தது.

ஜாய்ஸ் விஷயமும் அப்படித்தானே? 1922-ல் பாரிஸில் வெளியான 'யுலிஸிஸ்' நாவலை அவர் அயர்லாந்தில் எழுதவில்லை. டிரியெஸ்டிலும் ஜூரிச்சிலும் பாரிஸிலும் இருந்துகொண்டு, 1904 ஜூன் 16-ந் தேதி டப்ளினை எழுதினார். ஒரு வீட்டு முன் கம்பி வேலியைச் சாதாரண மனிதன் ஏறிக் குதிக்க முடியுமா என்று டப்ளினில் இருந்த தம் அத்தைக்குக் கடிதம் போட்டுக் கேட்டார். ஏன்? அவருடைய கதாநாயகன் ப்ளூம் சாவியை மறந்துவிட்டு வந்து, அந்த வேலியைத் தாண்டியே வீட்டுக்குள் போக வேண்டியிருந்தது. அதே ப்ளூம் மத்தியானம் ஒரு ஹோட்டலில் நுழைந்து, அங்கே ஜனங்கள் தின்னும் அலங்கோலத்தைக் கண்டு குமட்டி வெளியேறுகிறான். பிறகு டேவி பர்னின் பப்பில் ஒரு சீஸ் ஸாண்ட்விச்சோடு திருப்தி அடைகிறான். சுவரை அலங்கரிக்க வந்த வேலி அல்ல அது. மேஜையை அலங்கரிக்க வந்த ஸாண்ட்விச்சும் அல்ல. ஒரு மனிதனுக்கு அவை தேவைப்பட்டன.

நம்முடைய சரித்திர நாவல்களிலும் கிராமத்துக் கதைகளிலும் திருகாணி போட்டு முடுக்கிய சாமான்கள் எத்தனை! யாரும் தண்ணீர் எடுக்காத குடம், யாரும் உட்காராத திண்ணை. வாசகன் கை நீட்டி எடுத்துப் பார்க்கும்போது அது வராவிட்டால், பிறகு எவ்வளவு வர்ணித்தாலும் அவன் நம்ப மாட்டான்.

அந்தக் கடைக்காரருக்கு என் யோசனை இவ்வளவே: சைக்கிளை இறக்கிவிடலாம், டின்களையும் கழற்றிவிடலாம். கிழங்கை மட்டும் இன்னும் கால் மணி நேரம் அடுப்பில் வைக்கட்டும். அயர்லாந்து தானாக வந்து சேரும்.