போர்தோ சிவப்பு: இரு கரைகளும் ஓர் ஆண்டும்

1983 வசந்தத்தில், பிரான்சின் போர்தோ வட்டாரத்துப் பீப்பாய்களில் இருந்த முந்தைய ஆண்டின் சிவப்பு வைனைச் சுவைத்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அமெரிக்காவின் மூத்த விமர்சகர் ராபர்ட் ஃபினிகனுக்கு அது பிடிக்கவில்லை. அதே நாட்டில் வழக்கறிஞர் வேலை பார்த்துக்கொண்டே 1978இல் ஒரு வைன் இதழைத் தொடங்கியிருந்த ராபர்ட் பார்க்கர், தலைசிறந்த விளைச்சல்களில் இது ஒன்று என்று அடித்துச் சொன்னார். அவர் பேச்சை நம்பி வாங்கியவர்களுக்கு ஏமாற்றம் இல்லை. இன்றும் ஏல அறைகளில் 1982 என்ற எண்ணுக்குத் தனி மரியாதை உண்டு.

போர்தோவை எடைபோட மூன்று அளவுகோல்கள் புழங்குகின்றன: கரை, பட்டியல், மதிப்பெண். மூன்றும் பயனுள்ளவைதான். ஆனால் புட்டிக்குள் வைன் எப்படி வளர்ந்தது, அதுவரை அந்தப் புட்டி எங்கே கிடந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவற்றில் எதுவும் பதில் சொல்லாது. சேகரிப்பவரும் முதலீடு செய்பவரும் முதலில் கேட்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.

கரைகளிலிருந்து தொடங்கலாம். ஜிரோந்த் கழிமுகத்தின் இடது பக்கம் இருப்பது மெதோக். 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் வாய்க்கால் வெட்டிச் சதுப்பு நீரை வடித்த பிறகே இதன் பெரும்பகுதி திராட்சைக்கு வசப்பட்டது. மண் முழுக்கக் கூழாங்கல்; மழைநீர் தங்காது, பகல் வெயிலின் சூட்டைக் கற்கள் இரவிலும் வைத்திருக்கும். தாமதமாகப் பழுக்கும் கபர்னே சொவின்யோன் திராட்சைக்கு இதுவே தோதான நிலம். இளமையில் நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு. பல ஆண்டு போனால் அதே வைனில் தேவதாரு மரமும் பென்சில் சீவலும் பிளாக்கரண்ட் பழமும் மணக்கும். போயாக் ஊரின் லாஃபிட், லத்தூர், மூத்தோன் மூன்றும் இந்தப் பள்ளியின் தலைமகன்கள்.

வலக்கரையில் தோர்தோன் நதியோரம் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும். குளிர்ந்த அந்த மண்ணில் முந்திப் பழுக்கும் மெர்லோவுக்கே முதலிடம். பொமெரோலின் பெத்ரூஸ் தோட்டம் சுமார் பதினொன்றரை ஹெக்டேர்தான். நீலக் களிமண் மேட்டில் ஏறக்குறைய முழுவதும் மெர்லோ. செந்த் எமிலியோனின் ஷெவால் பிளாங் இன்னொரு வழியில் போகிறது. அங்கே கபர்னே ஃபிரானுக்குப் பெரும் பங்கு. இந்தக் கரையின் வைன் இளமையிலேயே சதைப்பற்றோடு இருப்பதால், நீடித்து நிற்காது என்று பலர் நினைப்பதுண்டு. பெத்ரூஸின் பழைய புட்டிகளைச் சுவைத்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

பட்டியலின் கதை சுவையானது. 1855 பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் போர்தோ தரகர்கள் அதைத் தயாரித்தார்கள். யாரும் கோப்பையை ஏந்திச் சுவைத்துத் தீர்ப்பு எழுதவில்லை. எந்தத் தோட்டத்து வைன் நெடுங்காலமாக என்ன விலைக்குப் போகிறது என்பதே கணக்கு. ஐந்து படிகள், முதல் படியில் லாஃபிட், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன். வலக்கரை வைன் ஒன்றுகூட இல்லை. 1973இல் வேளாண் அமைச்சராக இருந்த ஜாக் ஷிராக் கையெழுத்திட்டு மூத்தோனை முதல் படிக்கு உயர்த்தினார். மற்றபடி பட்டியல் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. ஐந்தாம் படியில் இருக்கும் லின்ஷ்-பாஜ், இரண்டாம் படித் தோட்டங்கள் பலவற்றைவிட அதிக விலைக்குப் போவதைப் பார்த்தால், சந்தை எப்போதோ வேறு பட்டியல் எழுதிவிட்டது புரியும்.

செந்த் எமிலியோன் 1955இல் தனக்கென்று ஒரு பட்டியல் போட்டு, பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்துவதாக முடிவு செய்தது. நல்ல எண்ணம், ஆனால் அது வழக்கு மன்றத்தில் போய் நின்றது. 2021இல் ஷெவால் பிளாங்கும் ஓசோன் தோட்டமும் அதிலிருந்து விலகிக்கொண்டன. பொமெரோலுக்குப் பட்டியலே கிடையாது. வட்டாரத்திலேயே விலை உயர்ந்த சிவப்பு வைன் அங்கேதான் விளைகிறது.

பார்க்கரின் 100 மதிப்பெண் முறை எல்லோருக்கும் புரிந்தது, அதனால் வேகமாகப் பரவியது. 1982 மூத்தோனுக்கும் லத்தூருக்கும் அவர் முழு 100 கொடுத்தார். அந்த ஆண்டு ஜூனில் பூக்கள் ஒரே சீராக மலர்ந்தன, ஜூலை காய்ந்தது, செப்டம்பரில் வெயில் கொளுத்தியது. பழம் முழுதாகக் கனிந்ததோடு விளைச்சலும் ஏராளம். அதுவே சந்தேகத்தையும் கிளப்பியது. புகழ்பெற்ற 1945, 1961 இரண்டும் குறைவான விளைச்சலில் பிறந்தவை. அதனால் மகத்தான ஆண்டென்றால் பழம் குறைவாகவும் வைன் இளமையில் கடினமாகவும் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை ஊறிப்போயிருந்தது. அந்த இலக்கணத்துக்குப் பொருந்திய 1975ஐப் பலர் கொண்டாடினார்கள். பல புட்டிகளில் துவர்ப்பு தணிவதற்குள் பழச்சுவை வற்றிவிட்டது. 1982இல் கனிந்த துவர்ப்பு, பழச்சுவையோடு சேர்ந்தே முதிர்ந்தது.

பணம் போடுகிறவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், பீப்பாயில் இருக்கும்போதே வைனை விற்பது போர்தோ வழக்கம். புட்டி கைக்கு வரச் சுமார் இரண்டு ஆண்டு ஆகும். 1982ஐ அப்படி வாங்கியவர்கள் பெரும் லாபம் பார்த்தார்கள். 1997ஐ எட்டாத விலை கொடுத்து வாங்கியவர்கள் நஷ்டப்பட்டார்கள். 2008இல் ஹாங்காங் வைன் வரியை நீக்கியதும் சீனப் பணம் புகுந்தது. 2008 லாஃபிட் புட்டியில், சீனர்கள் ராசியாகக் கருதும் எட்டைக் குறிக்கும் சீன எழுத்து இடம்பெறும் என்ற செய்தியே விலையை ஏற்றியது. 2011இல் அந்த ஏற்றம் சரிந்தது. 2022க்குப் பிறகு சந்தை மீண்டும் இறங்குமுகமானது. தோட்டம் கேட்கும் முதல் விலைக்கும் அதே தரத்து முதிர்ந்த வைனின் விலைக்கும் இடைவெளி இல்லாதபோது, காத்திருப்பவருக்கு என்ன கிடைக்கும்? பல அண்மை ஆண்டுகளில் ஒன்றும் கிடைக்கவில்லை.

அதனால்தான் புட்டியின் வரலாறு முக்கியமாகிறது. அனுபவசாலிகள் பழைய புட்டியைக் கையில் எடுத்ததும் லேபிளைப் பார்ப்பதில்லை, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து வைன் எதுவரை நிற்கிறது என்று பார்க்கிறார்கள். நாற்பது வயதுப் புட்டியில் கழுத்தின் அடிப்பகுதி வரை இருந்தால் நல்ல பராமரிப்பு. தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் தக்கை தளர்ந்து காற்று புகுந்திருக்கும். பிறகு மேலுறை, தக்கையில் பொறித்த ஆண்டு, கடைசியாகப் புட்டி வந்த பன்னிரண்டு புட்டி மரப்பெட்டி. 12, 13 பாகை குளிர்ச்சியில் அசையாமல் கிடந்த பெட்டிக்கும் வீட்டு அலமாரியில் பல கோடைகளைக் கடந்த பெட்டிக்கும் பெயர் ஒன்றுதான், பொருள் ஒன்றல்ல.

போலியும் உண்டு. ரூடி குர்னியவான் என்பவர் கலிபோர்னியாவில் தன் வீட்டிலேயே வைன்களைக் கலந்து, லேபிள் ஒட்டி, அரிய புட்டிகள் என்று விற்றார். 2008இல் நியூயார்க் ஏலத்துக்கு அவர் கொடுத்த பர்கண்டி வட்டாரத்துப் போன்சோ தோட்டத்தின் புட்டிகளில் சில, அந்தக் குடும்பம் அந்த வைனைத் தயாரிக்கத் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டுகளைத் தாங்கியிருந்தன. தோட்ட உரிமையாளர் லோரான் போன்சோவே நேரில் வந்து விற்பனையை நிறுத்தினார். 2014இல் குர்னியவானுக்குப் பத்தாண்டு சிறை.

இந்தச் சிக்கலுக்கு லத்தூர் கண்ட தீர்வு துணிச்சலானது. பீப்பாய் விற்பனையிலிருந்து விலகுவதாக 2012இல் அறிவித்து, அந்த ஆண்டு விளைச்சல் முதல் வைனைத் தன் நிலவறையிலேயே வைத்து, குடிக்கப் பக்குவமானதும் விற்கிறது. இப்படித் தோட்டத்து நிலவறையை விட்டு நகராமல் நேராக ஏலத்துக்கு வரும் பெட்டிகளுக்கு, அதே ஆண்டின் கைமாறிய பெட்டிகளைவிடக் கூடுதல் விலை கொடுக்க வாங்குபவர்கள் தயங்குவதில்லை.