இணையப் பாடக்குறிப்புகளின் தமிழ்: அந்தமான் நோக்கில் ஒரு மதிப்பீடு

அபர்டீன் பஜாரின் மணிக்கூண்டைச் சுற்றித் தமிழும் வங்காளமும் தெலுங்கும் மலையாளமும் ஒலிக்கும். இவற்றிடையே பொதுமொழியாய் இந்தி நிற்கும். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் இணையப் பாடப்பொருள்களை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடியிழை வடம் எட்டியபின், வேகத்தைக் காட்டிலும் மொழியே ஆராயத்தக்கது.

2017இல் தொடங்கப்பெற்ற தீக்‌ஷா தளத்தின் தமிழ்ப் பாடப்பொருள்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடநூல்களை ஒட்டியவை. அவற்றை நாடும் ஆசிரியருக்குக் கலைச்சொல்லே முதல் தடை. 'பாடத்திட்டம்' ஓராண்டுக்குரிய பாடப்பரப்பையும் சுட்டும். ஒரு பாடவேளைக்கான திட்டத்தையும் சுட்டும். பின்னதற்குப் பள்ளிகளில் நெடுநாள் வழங்கும் 'பாடக்குறிப்பு' இருக்க, மொழிபெயர்ப்பாளர் அதனைக் கைவிடுவது பொருந்தாது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இடம்பெறும் 'விரைவுக் குறியீடு' பொருள் விளங்கும் ஆக்கம். இணைய முகவரிக்கு வழங்கும் 'உரலி'யோ ஆங்கில எழுத்துகளின் ஒலியை மட்டும் தழுவியது. (உரலையும் உலக்கையையும் நினையாமல் இச்சொல்லைப் படிப்பவர் சிலரே!)

கலைச்சொல்லினும் ஆழமான இடர் ஒன்றுண்டு. தமிழ்நாட்டுப் பாடக்குறிப்பு அடைமழையை ஐப்பசிக்கு உரியதாக்கும். அந்தமானிலோ வைகாசியிலேயே தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். மாணாக்கரின் பட்டறிவுக்கு மாறானதென்று அத்தொடரை நீக்குதல் தவறு; அது தமிழ் வழக்கு. மாதப்பெயரை மாற்றி எழுதுதலும் தவறே. தொடரை அவ்வாறே நிறுத்தி, அஃது எந்நிலத்து மழையைச் சொல்கிறது என வினவும் ஒரு பயிற்சியைச் சேர்ப்பதே தக்கது. அதற்கு இடந்தரும் பாடக்குறிப்பையே ஆசிரியர் தெரிந்தெடுத்தல் வேண்டும்.