அரக்குத் தட்டின் விலை

பழைய இசைத்தட்டுக்கு விலை எதனால் ஏறுகிறது என்று வினவினால், கிடைத்தற்கரியது என்பதனால்தான் என்று பலரும் விடை சொல்லிவிடுவர். ஆனால் எவரும் தேடாத தட்டு உலகில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் அதற்குக் கிராக்கி உண்டாவதில்லை. அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனம் 1965இல் ஃபிராங்க் வில்சன் குரலில் அச்சிட்ட ஒரு தட்டு, கடைக்கு வருமுன்னரே நிறுத்தப்பட்டுப் பிரதிகள் அழிக்கப்பட, விரல்விட்டு எண்ணத்தக்கனவே தப்பின. வட இங்கிலாந்தின் நடன மண்டபங்களில் தொழிலாள இளைஞர்கள் அப்பாட்டின்மீது பித்துக்கொண்ட பின்னரே, 2009இல் ஒரு பிரதி 25,000 பவுனுக்கு மேல் விலைபோயிற்று.

நம் தட்டுகளின் கதியோ வேறு. 1933இல் இளமையிலேயே மறைந்த நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவின் தட்டுகளை ஜனங்கள் விரும்பி வாங்கினர். விரும்பி வாங்கியதனாலேயே அவற்றை இரும்பு ஊசியால் மீண்டும் மீண்டும் உழுது தேய்த்தும்விட்டனர். ஆகவே ஊர்தோறும் கிடைத்த தட்டாயினும் கீறலின்றி ஒலிக்கும் பிரதி அபூர்வமாயிற்று. 1938இல் காலமான வீணை தனம்மாளின் தட்டுகளோ தொடக்கத்திலேயே சொற்பம். அந்த மேதையின் விரலோசையை நாம் கேட்பதற்கு அவையே ஆதாரமாதலால், சங்கீத ரசிகர் அவற்றுக்குக் கொடுக்கும் மதிப்பு முற்றிலும் வேறு வகையானது. சில வேளை காலத்தின் ஒரு முரணே விலையை ஏற்றிவிடும்: மின்சாரமில்லாத வீடுகளில் சாவி முறுக்கும் பெட்டிகளே புழங்கியமையால், பீட்டில்ஸ் பாடல்களைக் கூடக் கல்கத்தாவின் டம்டம் ஆலை, மேனாட்டில் வழக்கொழிந்துவிட்ட 78 சுற்று அரக்குத் தட்டாக அச்சிட்டது, இன்று மேனாட்டுச் சேகரிப்பாளர் அவற்றைத் தேடித் திரிகின்றனர்.

இலங்கையில் களனி கங்கையோரம் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் யட்டியாந்தோட்டையில், தட்டின் தரத்தைக் கெடுக்கும் பெருஞ்சத்துரு மழை. ஈரத்தில் காகித உறை இற்றுவிடும். நடுச்சீட்டில் பூஞ்சணம் படர்ந்து பாடகர் பெயரை அரித்துவிடும். அப்போது சீட்டையொட்டித் தட்டிலேயே பொறித்திருக்கும் எண்ணைக் கொண்டுதான் பதிவை இனங்காண வேண்டும். தேர்ந்த கண்ணுடையவர் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்: வரிகள் கருமையாகப் பளபளத்தால் நல்லது, நரைத்திருந்தால் ஊசி தின்றுவிட்டது. பின் விளிம்பை நகத்தால் தட்டுவார். விரிசலிருந்தால் கணீரென்னாமல் அடைத்த ஒலி வரும்.

இங்கே தட்டுகள் அருகியதற்கு மழையை மட்டும் பழிசொல்ல முடியாது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று வகுத்தது. ஒரு வாழ்க்கை முழுவதையும் தகரப்பெட்டியில் அடக்கிக்கொண்டு கப்பலைப் பிடிக்க மன்னாருக்கு ரயிலேறிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், கனத்ததும் எளிதில் நொறுங்குவதுமான அரக்குத் தட்டுகளைப் பெரும்பாலும் பின்னே விட்டுத்தான் சென்றிருக்க வேண்டும். லயக் காம்பிராக்களின் பரணிலும் பழைய சாமான் கடையிலும் அவற்றின் எச்சம் கிடந்தால் வியப்பில்லை. அங்ஙனம் கிடைக்கும் குவியலிலிருந்து பெயர்பெற்ற பாகவதர்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றவற்றை உதறிவிடும் வழக்கம் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. கிட்டப்பாவின் குரலுக்கு வேறு பிரதிகள் பல உள. பெயரழிந்த ஒரு நாடக நடிகையின் தட்டு, விரிசலுற்றதாயினும், அவள் குரலின் கடைசிப் பிரதியாக இருக்கக்கூடும். ஊசி வைத்து ஒலிப்பிரதி எடுக்கவேண்டியது முதலில் அதனைத்தான்.