சாண்ட்பிளைண்டில் மணல் இல்லை

'சாண்ட்பிளைண்ட்' என்று ஒரு ஆங்கிலச் சொல். பார்வை மங்கியவர் என்று பொருள். இப்போது யாரும் புழங்குவதில்லை. 'சாண்ட்' என்றால் மணல், கண்ணில் மணல் விழுந்த மாதிரி மங்கல், அவ்வளவுதானே என்று நண்பர்களிடம் ரொம்ப வருஷமாக விளக்கிக்கொண்டிருந்தேன். தப்பு.

அதில் மணலே கிடையாது. பழைய ஆங்கிலத்தில் 'சாம்' என்றொரு முன்னொட்டு. 'பாதி' என்று பொருள். லத்தீன் 'செமி', கிரேக்க 'ஹெமி', சமஸ்கிருத 'ஸாமி' எல்லாம் அதற்கு உறவுக்காரர்கள். ஆக, 'சாம்பிளைண்ட்' என்றால் அரைக்குருடு. இந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை, அறிஞர்கள் ஊகித்து அமைத்ததுதான். ஆனால் கூடப்பிறந்தவை இருக்கின்றன. 'சாம்குகு' என்றால் குற்றுயிர். 'சாம்வீஸ்' என்றால் அரை அறிவு. பழைய ஆங்கிலப் பேராசிரியரான டோல்கீன் தன் கதாபாத்திரம் சாம்வைஸுக்குப் பெயர் எடுத்தது இங்கிருந்துதான். 'சாம்சாடன்' என்றும் ஒன்று உண்டு: அரைவேக்காடு. என் பழைய விளக்கத்துக்குப் பொருந்தும்!

முன்னொட்டு வழக்கொழிந்ததும், காதுக்குப் பக்கத்தில் கிடைத்த மணலை ஜனங்கள் ஒட்டிவிட்டார்கள். 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் ஷேக்ஸ்பியர் அதை வைத்தே விளையாடுகிறார்: அப்பாவுக்கு மணல்குருடு போதாது, சரளைக்கல் குருடு என்கிறான் கோமாளி மகன். கோமாளிக்கு அது சரி. ஆனால் 1755-ல் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சன்? கண்முன் சிறு துகள்கள் தெரியும் கோளாறு என்று பொருள் எழுதிவிட்டார். சொல்லின் ஒலியை வைத்து நோயையே மாற்றிவிட்டார். இதைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை.

நண்பர்களிடம் திருத்திச் சொல்லியாகிவிட்டது. ஒருத்தர் மட்டும் மணல் கதைதான் நல்லாயிருக்குங்கிறார்.