மலைகளுக்கு அப்பால் ஒரு பல்கலைக்கழகம்

புனிதர் வரலாறு எழுதுவோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அருஞ்செயல்களை அடுக்கிச் செல்லச் செல்ல, வாசிப்பவர் வியந்து கைகூப்பிவிட்டு, 'இது நம்மால் ஆகாது' என்று ஒதுங்கிக்கொள்கிறார். மறையுரை ஆற்றும் எங்களுக்கு இது பழகிய அனுபவம். அமெரிக்க எழுத்தாளர் டிரேசி கிடர் 2003-இல் வெளியிட்ட 'மலைகளுக்கு அப்பால் மலைகள்' என்னும் நூலும் இந்த இடர்ப்பாட்டினின்று தப்பவில்லை என்பதே என் கணிப்பு.

நூலின் நாயகர் மருத்துவர் பால் ஃபார்மர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் மானிடவியலும் ஒருசேரப் பயின்றவர். மாணவப் பருவத்திலேயே ஹைட்டி நாட்டின் கான்ஜ் என்னும் சிற்றூரில் பணி தொடங்கி, 1987-இல் நண்பர்களோடு 'பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்' என்னும் அமைப்பை நிறுவினார். கான்ஜ் மக்கள் நிலமற்றவர்களாகப் பிறந்தவர்கள் அல்லர். பெலிக்ர அணையின் நீர்த்தேக்கம் விளைநிலங்களை விழுங்கியதால் மேட்டுக்குத் துரத்தப்பட்ட உழவர்கள். நோயின் வேரை அணையில் தேடும் இந்தப் பார்வைக்கு ஃபார்மர் விடுதலை இறையியலுக்குக் கடன்பட்டவர். கிடர் இதை மறைக்கவில்லை. ஆனால் விரைந்து கடந்துவிடுகிறார். வறியோருக்கு முன்னுரிமை என்னும் கோட்பாடு ஒரு மருத்துவரின் ஆய்வு முறையையே எவ்வாறு மாற்றியது என்று நின்று விளக்கியிருந்தால் நூல் இன்னும் ஆழம் பெற்றிருக்கும்.

அந்த மாற்றம் வெளிப்படும் இடம் காசநோய் ஆய்வைப் பற்றிய பகுதி. நோயாளரில் ஒரு சாராருக்கு இலவச மருந்து மட்டும்; மற்றொரு சாராருக்கு மருந்தோடு உணவுக்கும் பயணத்துக்கும் சிறு தொகை, வீடு தேடி வரும் உள்ளூர்ப் பணியாளர். முதற்சாராரில் ஏறத்தாழப் பாதிப்பேர் குணமடைந்தனர். இரண்டாம் சாராரில் அனைவரும். நோய் பில்லிசூனியத்தால் வந்தது என்று நம்பியவர்களும் நம்பாதவர்களும் ஒன்றுபோலவே தேறினர். 'மூடநம்பிக்கையால்தான் ஏழைகள் மருந்து உண்பதில்லை' என்னும் கற்றோர் கூற்று அத்துடன் வீழ்ந்தது. ஒரு சாராருக்கு மருந்து மட்டும் கொடுத்தது முறையா என்று அறநெறி இயல் பயின்ற மனம் கேட்கத்தான் செய்கிறது. ஆயினும் இந்த ஆய்வு ஏழையின் சளியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடவில்லை. விடை கிடைத்ததும் எல்லா நோயாளர்க்கும் அதே கவனிப்பு என்பதே அவ்வூர் மருத்துவமனையின் நெறியாயிற்று. பல்கலைக்கழகம் ஏழையிடம் சென்று கற்றது; கற்றதை அவனிடமே திருப்பிக் கொடுத்தது.

பெரு நாட்டின் லீமா நகரப் புறச்சேரியில் நடந்ததும் இத்தகையதே. மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோயால் 1995-இல் ஃபார்மரின் நண்பரான குரு ஒருவர் இறக்கிறார். இந்நோயை ஏழை நாடுகளில் குணப்படுத்த முயல்வது வீண்செலவு என்று அந்நாளைய வல்லுநர்கள் கருதினர். ஃபார்மர் குழுவினர் நோயாளரை வீடுகளிலேயே வைத்துக் குணமாக்கிக் காட்டினர்.

இத்தகைய செய்திகளை வைத்துக்கொண்டும் கிடர் இறுதியில் எதன்மீது நெடுநேரம் கண்பதிக்கிறார்? இரண்டு குடும்பங்களைக் காண ஃபார்மர் மணிக்கணக்கில் மலையேறும் நடையின்மீது. எழுத்து அழகானது, ஐயமில்லை. ஆனால் நாயகரின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பதால், நாள்தோறும் அதே மலையில் மருந்து சுமக்கும் உள்ளூர்ப் பணியாளர்கள் முகமற்றவர்களாகிவிடுகிறார்கள். அடுத்தவரை யார் பயிற்றுவிப்பார் என்னும் கேள்வி பின்னுக்குப் போகிறது.

ஃபார்மர் அக்கேள்வியை விடவில்லை. அவரது அமைப்பு 2015-இல் ருவாண்டாவில் உலக நலவாழ்வுச் சமத்துவத்துக்கான பல்கலைக்கழகத்தை நிறுவியது. அதன் வளாகம் தலைநகரில் அல்ல, புட்டாரோ என்னும் வடபுல மலையூரில், மருத்துவமனைக்கு அருகில் இருக்கிறது. அங்கே மருத்துவம் பயில்வோர் கட்டணம் செலுத்துவதில்லை. ஈடாக, பட்டம் பெற்றபின் பல ஆண்டுகள் தங்கள் மக்களிடையே பணிபுரிய ஒப்புக்கொள்கிறார்கள். 2022 பிப்ரவரி 21-ஆம் நாள், தமது 62-ஆம் வயதில், அந்தப் புட்டாரோவிலேயே ஃபார்மர் இறந்தார்.

2003-இல் எழுதிய கிடர் இதை அறிந்திருக்க வழியில்லை. ஆயினும் புட்டாரோவின் விதை அவர் நூலின் காசநோய்ப் பகுதியில்தான் கிடக்கிறது. நூலைக் கையிலெடுப்போர் அப்பகுதியை இருமுறை வாசிக்கலாம். மலைநடைக்கு ஒருமுறை போதும்.