அமிலம் கடித்த வெளிச்சம்

ஒரு கோட்டையை இடிப்பதா, வேறெதற்காவது வைத்துக்கொள்வதா என்று ஆராய அப்பா போகிறார். கூடப்போன மகன் படம் வரைகிறான். 1794இல் நடந்தது இது. அப்பா டேவிட் கில்லி, பிரஷ்ய அரசின் கட்டடக்கலை அதிகாரி. மகன் ஃப்ரீட்ரிக் கில்லிக்கு வயது 22. நோகட் ஆற்றங்கரையில் செங்கல்லால் எழுந்த அந்தக் கோட்டையை ஜெர்மானியர் மரியன்பூர்க் என்றார்கள். இன்று அது போலந்தின் மால்போர்க். டியூட்டானிக் வீரத்துறவிகளின் தலைவர் 1309இல் வெனிஸிலிருந்து வந்து குடியேறிய இடம். கில்லிகள் போன காலத்தில் அது பிரஷ்யப் படையின் கையில் இருந்தது. துறவிகள் விருந்துண்ட பெரிய கூடத்தில் சிப்பாய்கள் கவாத்து பழகினார்கள்.

மகனின் படங்கள் 1795இல் பெர்லின் கலைக்கழகக் கண்காட்சியில் இடம்பெற்றன. ஃப்ரீட்ரிக் ஃப்ரிக் அவற்றைச் செப்புத்தகட்டில் ஏற்றி 1799 முதல் 1803 வரை வெளியிட்டார். கில்லி 1800இலேயே, 28 வயதில், இறந்துவிட்டார். தொகுப்பு நிறைவடைந்ததைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஃப்ரிக் கையாண்ட முறை அக்வாடின்ட். கோடு கிழித்துச் செதுக்கும் வேலை இதில் குறைவு. மரப்பிசினை மாவாகப் பொடித்துத் தகட்டின்மேல் தூவி, அடியில் சூடு காட்டினால் ஒவ்வொரு துகளும் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு அமிலத்தில் இறக்க வேண்டும். துகள் மூடிய இடத்தை விட்டுவிட்டு, இடுக்குகளை மட்டும் அமிலம் அரிக்கும். வெளுப்பாக இருக்க வேண்டிய பகுதிக்கு வார்னிஷ் பூசி மறுபடி இறக்குவார்கள். அடுத்த சாயலுக்கு இன்னொரு பூச்சு, இன்னொரு முழுக்கு. அதிக நேரம் கடிபட்ட இடம் அதிக மை பிடிக்கும். கடைசி வரை அமிலத்தில் கிடப்பது இருட்டு மட்டும்தான். பொறுமை தவறிச் சில நிமிடம் கூடிப்போனால் நிழல் கரியாகிவிடும், திருத்துவது கடினம்.

இந்தத் தொகுப்பில் என் மனம் தங்குவது அந்தப் பெரிய விருந்துக்கூடத்தில். ஏறத்தாழ 450 சதுர மீட்டர் பரப்பு; நடுவே தாங்குவது மூன்றே மூன்று மெல்லிய கருங்கல் தூண்கள். ஒவ்வொரு தூணின் தலையிலிருந்தும் விலா வளைவுகள் பனையோலை விசிறிபோல் விரிந்து, பக்கத்துத் தூணின் விசிறியோடு உச்சியில் கோத்துக்கொள்கின்றன. இதைக் கோட்டில் மட்டும் வரைந்திருந்தால் கம்பிக்கூடு ஆகியிருக்கும். அக்வாடின்டின் பொடிச் சாயலோ வளைவுகளுக்கு இடையிலுள்ள குழிவுகளில் படிப்படியாக ஆழ்ந்து, கூரைக்குக் கனம் தருகிறது. அந்தக் கனத்தைப் பார்த்த கண் தூணுக்கு இறங்கும்போது, இவ்வளவு ஒல்லியா என்று ஒரு கணம் திகைக்கிறது. கோட்டையின் வெளிப்புறக் காட்சிகளில் எனக்கு அந்தத் திகைப்பு கிடைப்பதில்லை. அழகானவைதான், ஆனால் பார்த்ததும் பக்கம் புரட்டிவிடலாம்.

தொகுப்பு வெளிவந்துகொண்டிருந்தபோதே கோட்டையின் ஒரு பகுதியான மேல்கோட்டையைத் தானியக் கிடங்காக்கும் வேலையில் உள்வளைவுகள் உடைபட்டன. 1803இல் மாக்ஸ் ஃபான் ஷென்கென்டோர்ஃப் என்ற இளங்கவிஞர் பெர்லின் பத்திரிகையொன்றில் இதைக் கண்டித்து எழுதினார். 1804இல் அரசாணை இடிப்பை நிறுத்தியது. 1817இல் தொடங்கிய சீரமைப்பில் கில்லியின் மாணவர் ஷின்கெலுக்கும் பங்குண்டு. 1945 போரில் கோட்டையின் பாதிக்கு மேல் நொறுங்கியது; பிறகு அதை மறுபடி கட்டினார்கள்.

அச்சுப்படத்தைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது ஜன்னல்களை. கூடத்துக்குள் விழும் வெயிலெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. அருகில் கொண்டுபோய்ப் பார்த்தால் அங்கே மையே இல்லை. வார்னிஷுக்கு அடியில் அமிலம் தொடாமல் தப்பிய செம்பு, அது தாளில் விட்ட வெற்றிடம்.