பானைக்குள் பாட்டு

எலுவன்குளத்தில் எங்கள் வீட்டு விறாந்தையிலும் குசினியிலும் ஒரே பாட்டைக் கேட்க ஒரு அம்ப்ளிபயர் போதும், மிச்சமெல்லாம் ஸ்பீக்கரும் வயரும்தான். மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தினால் பின்பக்கச் சத்தம் உள்ளேயே அடைபட்டு, தாழ்ந்த சுரம் எடுப்பாகக் கேட்கும். கொஞ்சம் முழங்கும்தான், ஆனாலும் மரப்பெட்டியை விட எனக்குப் பானையே பிடிக்கும்.

இரண்டு ஸ்பீக்கரையும் இணைக்கும் கணக்கு சின்னது. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் 4 ஓம், தொடராக இணைத்தால் 16. அம்ப்ளிபயர் 4 ஓமைத் தாங்காதென்றால் தொடர்தான்: சத்தம் குறையும், சூடேறாது.

புத்தளம் களப்பின் உப்புக்காற்றில் செப்புக் கம்பி பச்சை பூக்கும். நுனியை வெட்டி, சுரண்டி, மறுபடி முறுக்க வேண்டும். அந்த வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. முறுக்கி முடிந்ததும் குசினியிலிருந்து குரல் வரும்: “ஆ, இப்ப கேக்குது!”